பேர் எழுதாத அட்டை

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு ஸ்டிக்கரம்மா என்று பெயர். தைத்து முடிந்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வரும். தலைக்கு மேல் இரண்டு ட்யூப்லைட், கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். காலரின் இரண்டு முனையும் சமமா, பொத்தான்துளை பிரிகிறதா, அக்குளில் தையல் நூலளவாவது விலகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். குறை தெரிந்த இடத்தில் ஒரு அம்பு. அம்பு விழுந்த சட்டை வந்த வழியே தையல்காரியிடம் திரும்பிப் போகும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அவள் கையிலிருந்து தப்பிப்போன சட்டை என்று ஒன்றைப் பற்றிக்கூட இதுவரை புகார் வந்ததில்லை.

இதைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை. மாதா கோயிலில் சாமியார் கையை விரித்து ஜெபிக்கும்போது இவள் அவருடைய அங்கியின் ஓரம் மடித்துத் தைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் எழுத்துப்பிழை தேடுவாள், பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட அவளே பார்த்து அனுப்பிவிட்டாள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே இருந்தான், ஒருத்தன் சிரிக்கவே இல்லை, மூன்றாமவன் தன் தாயிடம் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னான். மூவருக்கும் ஆளுக்கொரு அம்பு. நாலாவதாக ஒருத்தன் வரத் துணியவில்லை.

அவள் அம்பு ஒட்டாத ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவளுடைய தம்பி. பத்து வயது இளையவன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் இவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போனான். இருபத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துவைத்தாள். மூன்றாம் வருஷம், தூரதேசத்துத் துறைமுகம் ஒன்றில் கப்பலைவிட்டு இறங்கினவன் திரும்ப ஏறவில்லை. "இறங்கினார், திரும்பவில்லை" என்று கப்பல் கம்பெனி இரண்டு வரியில் கடிதம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அந்த இரண்டு வரிக்குள் சாவு என்ற சொல் இல்லை. ஸ்டிக்கரம்மா அதை நூறு முறை படித்துச் சரிபார்த்திருந்தாள். ஆகவே தம்பி உயிரோடு இருந்தான். அந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. வருஷம் ஒரு முறை அவன் பிறந்தநாளுக்கு, சின்னக் குறையால் கழித்துப்போட்ட சட்டையொன்றை அவன் அளவில் வாங்கிவந்து, தானே குறையைச் சரிசெய்து அலமாரியில் மடித்து வைப்பாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு துறைமுகத்து மாலுமிகள் விடுதிக்கு ஒரு கடிதம் எழுதுவாள். நவம்பரில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கப் பெயர் எழுதித் தரும் வழக்கம் கோயிலில் உண்டு. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரி பரிதாபப்பட்டுத் தம்பி பெயரையும் சேர்த்துவிட்டாள். ஸ்டிக்கரம்மா நேரே பீடத்துக்கே ஏறிப்போய், பட்டியலை எடுத்து, அந்தப் பெயரை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பூசை இரண்டு நிமிஷம் நின்றது. அதற்கப்புறம் யாரும் அந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் இப்போது இரண்டு பேர். இவளும் தம்பி மனைவியும். தம்பி மனைவி ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். ஊசி போட்டது தெரியாது, அப்படி ஒரு கை. பேச்சும் அப்படித்தான், அதிராது. முப்பத்தெட்டு வயதாகியும் தாய்வீட்டுக்குப் போகாமல் நாத்தனாரோடு ஒரே சமையலறையில் கிடந்தாள். ஊர் இதை மெச்சியது. ஸ்டிக்கரம்மா மெச்சவில்லை. இத்தனை வருஷம் ஒருத்தி ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள் என்றால், குறை நமக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அப்படி இருக்கும்போதுதான் யூபிலி ஆண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். இந்தப் புனித வருஷத்தில் நகரத்துப் பேராலயத்தில் திருக்கதவு திறந்திருக்கும். திருயாத்திரையாகப் போய் அந்தக் கதவு வழியாக நுழைந்து, பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் அப்பமாகத் தரும் நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துகளுக்காக ஜெபித்தால் பரிபூரண பலன் உண்டு. பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் அதற்கான தண்டனைக் கடன் பாக்கி நிற்கும், இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்பட்டுக் கழிக்க வேண்டியது, அது முழுக்க நீங்கிவிடும். பலனை நமக்காக வாங்கலாம், அல்லது இறந்துபோன ஒருவருக்காக ஒப்புக்கொடுக்கலாம்.

"ஒரு நிபந்தனை இருக்கு. எந்தப் பாவத்து மேலயும், அற்பப் பாவத்து மேலகூட, மனசுல பற்று இருக்கக் கூடாது. பற்று இருந்தா முழுப் பலன் கிடைக்காது" என்றார்.

"அப்ப இந்த ஊர்ல இருந்து பஸ்சே தேவையில்ல ஃபாதர், ஒரு சைக்கிள் போதும்" என்றார் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டிக்கரம்மா சிரிக்காமல் எழுந்து நின்றாள்.

"கெடைச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும் ஃபாதர்?"

"தெரியாதும்மா. கடவுளுக்குத்தான் தெரியும்."

"சரிபாக்க வழியே இல்லையா?"

"இல்ல."

அவள் உட்கார்ந்தாள். சரிபார்க்க வழியில்லாத ஒரு பொருளை ஒரு நிறுவனம் இத்தனை நூற்றாண்டாக எப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இருந்தாலும் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தாள். தம்பி மனைவி தனக்கு முன்னாலேயே பெயர் கொடுத்திருந்ததைப் பட்டியலில் பார்த்தாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் பஸ் போனது. பேராலய வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கையகல அட்டை ஒன்று. அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் 'எனக்காக', இரண்டாவது 'மரித்த ஓர் ஆன்மாவுக்காக'. கீழே பெயர் எழுத ஒரு கோடு, விரும்பினால் எழுதலாம். டிக் போட்ட அட்டையைப் பீடத்தின் முன்னாலிருக்கும் கூடையில் போட வேண்டும். பெயரை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

முதல் மாதம் இருவரும் முதல் கட்டத்தில் டிக் போட்டார்கள். இரண்டாம் மாதம் ஸ்டிக்கரம்மா தன் தகப்பனுக்குக் கொடுத்தாள். தம்பி மனைவி அவளுடைய தாய்க்கு. மூன்றாம் மாதம் இவள் தாய்க்கு, அவள் தகப்பனுக்கு. எல்லாம் பெயர் எழுதித்தான். அதோடு இரண்டு பேர் கையிலும் இறந்தவர்கள் தீர்ந்துபோனார்கள். நாலாம் மாதம் ஸ்டிக்கரம்மா திரும்பவும் 'எனக்காக' என்று போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கத்து அட்டையை எட்டிப் பார்த்தாள். தம்பி மனைவியின் டிக் இரண்டாவது கட்டத்தில் இருந்தது. பெயர்க் கோடு காலியாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். "இன்னைக்கு யாருக்குக் குடுத்தே?"

"யாருமில்லாத ஆன்மாக்களுக்கு அண்ணி. நெனைக்க ஆள் இல்லாதவங்களுக்கு."

நல்ல பதில். ஓரம், மடிப்பு எல்லாம் ஒழுங்காக இருந்த பதில். அதனால்தான் ஸ்டிக்கரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. யாரென்றே தெரியாத ஆன்மாவுக்காக நன்மை வாங்கிவந்த ஒருத்தி முழந்தாளில் நின்று அப்படித் தோள் குலுங்க அழுவாளா? கைக்குட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்ததை இவள் பார்த்திருந்தாள்.

ஐந்தாம் மாதமும் இரண்டாவது கட்டம். ஆறாம் மாதமும். பெயர்க் கோடு ஒவ்வொரு தடவையும் காலி. ஏழாம் மாதம் ஸ்டிக்கரம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. பரிபூரணம் என்றால் முழுசு. முழுசாகக் கொடுத்தபின் அதே ஆளுக்கு மறுபடி எதற்கு? அப்படியானால் மாதம் ஒரு ஆள். இவளுக்கு அத்தனை பேர் எங்கிருந்து செத்தார்கள்?

அப்போது அவளுக்கு ரத்த லேப் வேன் டிரைவர் ஞாபகம் வந்தான். மழை பெய்த நாட்களில் தம்பி மனைவியைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறவன். இதே கோயில் பங்குக்காரன்தான். மனைவி இறந்து மூன்று வருஷம். ஸ்டிக்கரம்மாவின் மூளைக்குள் எல்லாம் பளிச்சென்று ஒட்டிக்கொண்டன. அவனுடைய செத்த பெண்டாட்டிக்காகத்தான் இந்தப் பலன் எல்லாம்! முந்தினவளை மோட்சத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு, காலியான நாற்காலியில் இவள் உட்காரப் பார்க்கிறாள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே. அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் சத்தமாகத்தான் கீழே வைக்கப்பட்டன.

எட்டாம் மாதம் பஸ் நின்ற இடத்தில் அவனை மடக்கினாள். அவனும் யாத்திரைக்கு வந்திருந்தான், கையில் தண்ணீர் பாட்டிலும் ஜெபமாலையும்.

"உங்க வீட்டுக்காரிக்காக எங்க வீட்டுப் பொண்ணு எத்தன தடவ ஒப்புக்கொடுத்திருக்கா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏம்மா, என் பொண்டாட்டிக்கு மாசாமாசம் நானே நடந்து வந்து குடுக்கறேன். அடுத்தவங்க குடுக்கற அளவுக்கு நான் அவள அம்போன்னு விட்டுடல. வயசுல பெரியவங்களாச்சேன்னு பாக்கறேன்" என்றான். அவன் கையிலிருந்த அட்டையில் இறந்தவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதில் பூசி மெழுகுவதற்கு ஒன்றுமில்லை. ஸ்டிக்கரம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சட்டையைத் தப்பாகத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

வெட்கத்தைவிட அவளுக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது. டிரைவர் மனைவி இல்லை. தாய் இல்லை, தகப்பன் இல்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் மீதி நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை அவள் தெரிந்துகொள்ள மறுத்தாள்.

மறுநாள் பங்குச் சாமியாரின் அறைக்குப் போனாள். அவர் மாடிப்படிக்கு வெள்ளையடிக்க வந்தவனோடு நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், உயிரோட இருக்கறவங்களுக்கு நாம இந்தப் பலன வாங்கிக் குடுக்கலாமா?"

"முடியாதும்மா. உயிரோட இருக்கறவங்க அவங்கவங்களே நடந்து வந்து வாங்கிக்கணும். நாம குடுக்கறது செத்தவங்களுக்கு மட்டும்தான்."

"ஒருத்தர் செத்துட்டாரா இல்லையான்னு தெரியாம குடுத்துட்டா?"

சாமியார் அவளை ஒரு கணம் பார்த்தார். அவர் இந்தப் பங்குக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பட்டியல் கதை அவருக்கும் தெரியும். "கடவுள் எதையும் வீணாக்க மாட்டாரும்மா" என்றார் மெதுவாக. அந்தக் குரலில் இருந்த கனிவு ஸ்டிக்கரம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவரிடம் தம்பி மனைவி பாவசங்கீர்த்தனத்தில் எதையோ சொல்லி வைத்திருக்கிறாளோ என்று அவரையும் சந்தேகித்தாள். கேட்டால் சொல்ல மாட்டார். அது அவர் தொழில் தர்மம்.

இனி இரண்டில் ஒன்றுதான். ஒன்று, தம்பி மனைவிக்கு இந்தக் காத்திருப்பு சலித்துவிட்டது. ஆயரின் மேற்றிராசன அலுவலகமும் அந்தப் பேராலய வளாகத்திலேயேதான் இருக்கிறது. புருஷன் இறந்தான் என்று அங்கே ஒரு தாள் வாங்கிவிட்டால் அவள் வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளலாம். அதற்கு இதெல்லாம் முன்னேற்பாடு. இன்னொன்று, அவளுக்கு என்னவோ தெரியும். முதலாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஸ்டிக்கரம்மா முழந்தாளில் நின்று வேண்டிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி துரோகியாக இருக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்தவள் அந்தக் கோயிலில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தம்பி மனைவி லேப்புக்குப் போனபின் ஸ்டிக்கரம்மா அவளுடைய பெட்டியைக் குடைந்தாள். மெத்தையைப் புரட்டினாள், அரிசி டின்னுக்குள் கையை விட்டாள். ஒன்றும் இல்லை. வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பையை மட்டும் அவள் குளிக்கப் போகும்போதுகூடக் குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாள். அதையும் ஸ்டிக்கரம்மா குறித்துக்கொண்டாள். ஒன்பதாம் மாதம், பத்தாம் மாதம், பதினோராம் மாதம் எல்லாம் அப்படியே போயின. கேட்டுவிட நாக்கு நுனிவரை வரும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று மென்று விழுங்கிவிடுவாள்.

பன்னிரண்டாவது யாத்திரைதான் கடைசி. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குத் திருக்கதவைச் சாத்திவிடுவார்கள். கூட்டம் நெரிந்தது. காலையில் தம்பி மனைவி சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று, கதவு வழியாக நுழைந்து, நன்மை வாங்கி, அட்டையைக் கூடையில் போட்டாள். இரண்டாவது கட்டம். பெயர் இல்லை. மதியம் மூன்றரைக்கு, பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தவளின் முழங்கையை ஸ்டிக்கரம்மா பிடித்தாள். பேராலயத்தின் பக்கவாட்டில், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது.

"உக்காரு."

"பஸ்சுக்கு நேரமாகுது அண்ணி."

"நான் ஏறாம உபதேசியார் பஸ்ஸ எடுக்க மாட்டாரு. என் வாய் அவருக்குத் தெரியும். உக்காரு. ஒன்பது தடவ குடுத்திருக்கே. யாருக்கு?"

"சொன்னேனே அண்ணி, யாருமில்லாத..."

"அம்மாடி, எது தையல், எது சும்மா மடிச்சு வச்சதுன்னு எனக்குத் தெரியாதா? கோயில் வாசல்ல வச்சுக் கேக்கறேன். யோசிச்சுச் சொல்லு."

தம்பி மனைவி கைப்பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எந்தம்பிக்கா?"

அவள் ஆமென்று தலையை அசைத்தாள்.

ஸ்டிக்கரம்மா குரலை உயர்த்தினாள். "உயிரோட இருக்கறவன செத்தவனாக்கி அட்டையில எழுதறியா? என்ன, இந்த ஆபீஸ்ல எழுதி வாங்கிக்கிட்டுப் போலாம்னு பாக்கறியா? போ! யாரு வேணாங்கறா? ஆனா அவனச் சாகடிச்சுட்டுப் போகாதே!"

தம்பி மனைவி கைப்பையைத் திறந்தாள். உள் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். மடிப்பு மடிப்பாக நைந்துபோன கடிதம். ஏதோ துறைமுகத்து மாலுமிகள் இல்லத்தின் சாமியார், நம் மொழி தெரிந்த ஒரு கப்பல்காரரைக் கொண்டு எழுதச் சொல்லி, கீழே தான் கையெழுத்துப் போட்டிருந்தார். உங்கள் கணவர் காகிதங்களைத் தொலைத்துவிட்டு இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு ஊருக்கு வர வெட்கப்பட்டார். நெஞ்சுச் சளி முற்றி எங்கள் இல்லத்தில் இறந்தார். அவருடைய ஜெபப் புத்தகத்தின் உள்பக்கத்தில் இந்த விலாசம் இருந்தது. தேதி போட்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி.

ஸ்டிக்கரம்மா கடிதத்தை வெயில் விழுகிற பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

முத்திரையைப் பார்த்தாள். எழுத்து மங்காமல் வட்டமாக விழுந்திருந்தது. தகப்பன் பெயரைப் பார்த்தாள், எல்லோரும் தப்பாக எழுதும் அந்தப் பெயர் சரியாக இருந்தது. கப்பலின் பெயர் சரி. இடது கைச் சுண்டுவிரலின் நுனி இல்லை என்று அடையாளம் எழுதியிருந்தது. அவன் மூன்று வயதில் கதவிடுக்கில் விரலை வைத்தபோது கதவைச் சாத்தியவளே இவள்தான். அவனை நேரில் பார்க்காத யாருக்கும் அது தெரியாது. திரும்பவும் மேலிருந்து ஆரம்பித்தாள். ஒரு குறை. எங்காவது ஒரே ஒரு குறை கிடைத்துவிடாதா? இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சட்டையையும் அவள் இப்படிக் கெஞ்சிக்கொண்டு பார்த்ததில்லை.

"வயசு தப்பு!" என்று கத்தினாள். "பாரு, முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு! இந்தத் தேதிக்கு அவனுக்கு முப்பத்தொன்பது! இது வேற யாரோ!"

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பொறந்தநாளுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு அண்ணி."

ஸ்டிக்கரம்மா விரல்விட்டு எண்ணினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. கணக்குச் சரியாக வந்தது. கடிதத்தில் தப்பே இல்லை.

அவள் பெஞ்சிலேயே மடங்கி உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சைக்கிள் எடுக்க வந்த ஒருவர் எடுக்காமலே திரும்பிப் போனார். பதினோரு வருஷத்து அழுகை, வர வேண்டிய நேரத்தில் வராமல் ஒன்றாக வந்தது. தம்பி மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நாலு வருஷம்" என்றாள் ஸ்டிக்கரம்மா, மூச்சு வந்ததும். "நாலு வருஷமா நான் லெட்டர் எழுதறேன். வாங்கிட்டுப் போய் தபால்ல போட்டே."

"நீங்க பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்துச்சு அண்ணி. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்த மூணாம் நாள் சுவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு அவருக்கு லெட்டர் எழுத உக்காந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்ல? அவருக்கு ஒரு பூச வைக்கலாம்னா பேர வாசிப்பாங்க. நவம்பர்ல எழுதிக் குடுத்தா நீங்க அடிச்சிடுவீங்க. இங்கதான் பேரே சொல்லாம குடுக்க முடிஞ்சுது."

"சரி. பரிபூரணம்னுதானே சொன்னாரு? ஒரு தடவ குடுத்தா முடிஞ்சுதே. எதுக்கு ஒன்பது?"

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "கெடைச்சிருக்காது அண்ணி. பாவத்து மேல பற்று இருக்கக் கூடாதுன்னாங்கல்ல. ஒவ்வொரு தடவையும் சாமியார்கிட்ட அழுது சொல்லுவேன், அண்ணிகிட்டப் பொய் சொல்றேன், இனிமே சொல்ல மாட்டேன்னு. வெளிய வந்தா நீங்க நிப்பீங்க. 'எந்தம்பி வந்ததும்'னு பேசுவீங்க, நானும் தலையாட்டுவேன். திரும்பவும் பொய். சொல்லப் போறேன்னு தெரிஞ்சே முழங்கால் போட்டா அது என்ன வருத்தப்படறது? ஒன்பது தடவையும் ஓட்டக் கொடத்துலதான் தண்ணி மொண்டுட்டுப் போயிருக்கேன். அவருக்கு ஒரு சொட்டும் போய்ச் சேர்ந்திருக்காது."

ஸ்டிக்கரம்மா அவளைப் பார்த்தாள். பதினாலு வருஷமாகத் தேடிய குறை இதுதான். தன்னைச் சாகவிடாமல் வைத்திருந்த ஒரு பொய். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். "பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாமா?" என்று கேட்டாள்.

"அந்தச் சாமியார் இருந்தாராம் அண்ணி. கடைசி நேரத்துல அவஸ்தைப் பூசுதல் குடுத்தாராம்."

ஸ்டிக்கரம்மா முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பஸ் ஹாரன் அடித்தது. உபதேசியார் கையில் பட்டியலோடு சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து வந்தார். "எல்லாரும் ஏறியாச்சு, நீங்க ரெண்டு பேரும்தான் பாக்கி."

"எந்திரி" என்றாள் ஸ்டிக்கரம்மா தம்பி மனைவியிடம். "இனிமே எங்கிட்டச் சொல்ல வேண்டிய பொய் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

"இல்ல அண்ணி."

"அப்பத் திரும்பிப் போ. முதல்ல அந்தத் தொட்டியில இருக்கற சாமியார்கிட்டப் போ. அப்புறம் கதவு வழியா உள்ள போ."

"அவங்கதான் காலையிலயே போயிட்டு வந்துட்டாங்களேம்மா!" என்றார் உபதேசியார். "ஒரு நாளைக்கு ஒரு தடவதான் பலன்."

"காலையில போனது செல்லாது."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன். நான் பாத்துட்டேன்."

உபதேசியார் அவள் முகத்தைப் பார்த்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பேராலயத்தின் முன்பக்கம் இரண்டு பேர் கதவருகே விரித்திருந்த கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். தம்பி மனைவி எழுந்து நின்றும் நகராமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கரம்மா அவள் தோளில் கைவைத்துத் தள்ளினாள்.

"ஓடும்மா, சாத்திடப் போறாங்க. நாலு வருஷமாக் காத்துக்கிட்டு நிக்கறான் எந்தம்பி."